பத்து வரை ஏறி இறங்கும் உன் எண்

‘அடியே சரோ’ என்று கூப்பிட்டே என்னிடம் இத்தனை வருஷம் வேலை வாங்கிய என் அன்பு மேனாக்காவுக்கு,

உனக்குப் பொறுமை கிடையாது என்பதால் நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் எண் உடையவில்லை அக்கா. 9091 அதை உடைக்கவில்லை. வேறு எதுவும் உடைக்கவில்லை, உடைக்கவும் முடியாது. நீ ஜெயித்துவிட்டாய், நான் தோற்றுவிட்டேன். தோற்ற சந்தோஷத்தில் இரண்டு வாரமாக வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு திரிகிறேன்.

இரண்டாவது செய்தி அவ்வளவு நல்லதில்லை. அந்த எண் உடைந்துவிட்டது என்று நீ நம்பியபடியே போனாய் அல்லவா? அதற்குக் காரணம் என் கை செய்த தப்பு. அதை உன்னிடம் ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரிய வேண்டும், அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லுவேன். நடுவில் ‘தெரியும் லா, மேல போ’ என்று விரட்டாதே.

லூனாஸிலிருந்து கூலிம் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில் நாம் பக்கத்துப் பக்கத்து இருக்கை. எல்லாரும் தூங்குவார்கள். நாம் இருவரும் ஜன்னல் வழியாக வண்டி நம்பர்களைப் பார்த்துக்கொண்டு வருவோம். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாதது பகா எண். தமிழ்ப்பள்ளியோடு நான் மறந்துபோன அந்தச் சமாச்சாரத்தை நீதான் விளையாட்டாக்கினாய். எனக்கு உடைப்பதில்தான் ஆசை. 7387 என்று ஒரு சிமெண்டு லாரி போனது. தொழிற்சாலை வாசல் வரை மண்டையைப் பிய்த்துக்கொண்டு 83, 89 என்று அதை உடைத்துவிட்டு நான் குதித்தேன். உனக்கு உடையாததுதான் பிடிக்கும். 2027 என்று ஒரு பழைய கார் போனால், “பாரு சரோ, டப்பா வண்டி, ஆனா நம்பரு எவ்ளோ நிமிர்ந்து போவுது” என்பாய்.

பஸ்ஸில் இருந்தவர்கள் நம்மைப் பற்றி நினைத்தது வேறு. இந்த ஊரில் இரண்டு பேர் நம்பரைப் பற்றிப் பேசினால் அது நாலு இலக்க லாட்டரிதானே! பஸ் ஓட்டும் அண்ணன் தினமும் கெஞ்சுவார், “ரெண்டு பேரும் கணக்குப் போடுறீங்க, எனக்கும் ஒன்னு சொன்னா என்னா லா?” தொல்லை தாங்காமல் நீ ஒரு நாள் ஒரு பகா எண்ணைச் சொன்னாய். பாவி மனிதர், அதற்கு ஆறுதல் பரிசு விழுந்து தொலைத்தது. அதற்குப் பிறகு ‘இது வெறும் கணக்கு’ என்று நாம் சொன்னதை ஒரு ஆள்கூட நம்பவில்லை.

உன் எண் பிறந்தது தொழிற்சாலையில், காலை உடற்பயிற்சியில். லைன் முழுக்க நின்று மலாயில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிக் கையைத் தூக்குவோம், பத்திலிருந்து ஒன்று வரை எண்ணி இறக்குவோம். அதைப் பார்த்து நீ ஒரு அட்டைப்பெட்டி மூடியில் 12345678987654321 என்று எழுதி, உடை பார்க்கலாம் என்று நீட்டினாய். இலக்கங்களைக் கூட்டினால் 81, அதனால் மூன்றால் வகுபடும். எனக்குப் பத்து விநாடிகூட ஆகவில்லை. சாயங்காலத்துக்குள் அது ஒன்பது ஒன்றுகளை அதே ஒன்பது ஒன்றுகளால் பெருக்கினால் வரும் எண் என்றும் கண்டுபிடித்துவிட்டேன்.

ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தாய். மறுநாள் பஸ் ஏறியதும் சொன்னாய், “அடியே, நாம எண்ணுறது பத்து வரைக்கும்தானே? ஒம்போதோட நின்னா எப்படி? பத்துக்கு ஏறிட்டு எறங்கு.”

12345678910987654321. இருபது இலக்கம். மூன்றால் வகுத்தேன், மீதி ஒன்று. ஏழால் வகுத்தேன், ஐந்து. பதினொன்றால் வகுத்தேன், மறுபடி ஒன்று. ஒரே ஒன்றில் தப்பித்தது! அன்றைக்கே பந்தயம் கட்டினோம். உடையும் என்றேன் நான், உடையாது என்றாய் நீ.

கால்குலேட்டர் கூடாது, போன் கூடாது, கணினி கூடாது என்று சட்டம் போட்டவள் நீ. “போனு சொன்னா போனுக்குத்தான் தெரியும். நமக்குத் தெரிய வேணாமா?” என்றாய். எதுவரை வகுத்துப் பார்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டோம். முந்நூற்று ஐம்பத்தோரு கோடி வரைக்கும் உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும்! நான் ஜெயிக்க எங்கேயாவது ஒரே ஒரு சைபர் மீதி வந்தால் போதும். நீ ஜெயிக்க ஆயுசு பத்தாது. இதைச் சொன்னபோது, “அதுக்கென்ன, தோக்காம இருந்தா சரி” என்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாய். எப்படி அக்கா உனக்கு அந்த மனசு வந்தது?

நம்முடைய வகுத்தலும் பள்ளிக்கூட வகுத்தல் இல்லை. பஸ்ஸில் பேப்பர் இல்லாமல் மனக்கணக்காகப் பழகியது. மீதிக்குப் பின்னால் ஒரு சைபர் போடு, அடுத்த இலக்கத்தைக் கூட்டு, வகு, மீதியை அடுத்த வரிக்குக் கொண்டு போ. ஒரு இலக்கத்துக்கு ஒரு வரி, ஒரு கணக்குக்கு இருபது வரி, ஒரு பக்கம். நோட்டுகள் சேர்ந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுவது நீ, பக்கத்தில் உட்கார்ந்து ‘உடை, உடை’ என்று மந்திரம் போடுவது நான். ஒன்பது வருஷத்தில் எட்டாயிரம் வரை உள்ள பகா எண்கள் எல்லாம் வந்து முட்டிப் பார்த்துவிட்டுப் போயின. ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் உன் சிறுநீரகம் கைவிட்டது. வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம் டயாலிசிஸ். நானும் ஓய்வு பெற்றிருந்தேன், கூடவே வந்து உட்கார்ந்துகொள்வேன். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது, படுத்தபடி எழுதவும் உனக்கு வரவில்லை. அதனால் பேனா என் கைக்கு வந்தது. மனப்பாடமாக இருந்த எண்ணை நீ கண்ணை மூடிக்கொண்டு, உடற்பயிற்சிக்கு எண்ணுவது போலவே சொல்லுவாய். ஏழு, எட்டு, ஒம்போது, பத்து, ஒம்போது, எட்டு. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு சைபர் போட்டு, நீ சொன்னதைக் கூட்டி, ஒரு வரி எழுதுவேன். 8009-இல் ஆரம்பித்தோம். பக்கத்துப் படுக்கைப் பாட்டிகள் நீ ஜெபமாலை சொல்கிறாய் என்று நினைத்து மரியாதையாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

இப்போது தப்பு எங்கே என்று உனக்குப் புரிந்திருக்கும். உன் மூளை அப்படி.

9091 வந்த அந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? கடைசி வரியில் மீதி சைபர். நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

“மேனாக்கா! சைபர் வந்துருச்சி! உடைஞ்சிருச்சி!”

நீ கண்ணைத் திறக்காமல், “திரும்பப் போட்டுப் பாரு” என்றாய். முதலிலிருந்து சொன்னாய், அதே குரலில், அதே வேகத்தில். நானும் அதே மாதிரி எழுதினேன். மறுபடியும் சைபர்.

“சரி லா. நீ கெலிச்சிட்ட.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே ஓடி எல்லாருக்கும் பீசாங் கோரெங் வாங்கி வந்தேன். சிறுநீரக நோயாளிகள் நிறைந்த அறைக்குள் ஒரு பை வாழைப்பழ பஜ்ஜி! நர்ஸ் மிஸ்ஸி பார்த்துவிட்டுப் போட்ட சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. வாழைப்பழம் அவர்களுக்கு விஷம் மாதிரி என்று மாசக்கணக்காக அங்கே உட்கார்ந்திருந்த எனக்குத் தோன்றவே இல்லை. நீ வயிறு குலுங்கச் சிரித்தாய், மிஷின்கூட ஒரு தடவை கத்தியது. நீ சிரித்ததால் உனக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போது, “நோட்டை நீயே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிரு சரோ” என்றாய்.

அதற்குப் பிறகு நீ இருந்தது இரண்டு மாதம். ஒரு நாள்கூட நாம் எண்ணவில்லை. நீ தூங்கினாய், நான் சீரியல் கதை சொன்னேன். கணக்குப் போட எதுவும் இல்லாமல் என் கைதான் சும்மா கிடந்தது.

போன மாதம் உன் வீட்டுக்காரர் சேவியர் மாமா போன் செய்தார். உன் படத்துக்குப் பக்கத்தில் அந்த நோட்டுகளை அடுக்கி வைக்க வேண்டும், பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டு வா என்றார். சாப்பாட்டு மேசையில் பதினோரு நோட்டையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். உன் கையெழுத்துப் பக்கங்கள் எல்லாம் அடிவரை நிறைந்திருந்தன. நான் எழுதிய பக்கங்கள் எல்லாவற்றிலும் கீழே ஒரு வரி காலி.

விரல் வைத்து எண்ணினேன். பத்தொன்பது வரி. அடுத்த பக்கமும் பத்தொன்பது. நீ எழுதியதில் எல்லாம் இருபது.

முப்பது வருஷம் மைக்ராஸ்கோப் வழியாக அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான். நீ ‘பத்து’ என்று சொன்னபோது அதை ஒரே வரியில் கூட்டியிருக்கிறேன். பத்து என்பது ஒரு எண்ணிக்கை, ஆனால் எழுத்தில் இரண்டு இலக்கம். 1-க்கு ஒரு வரி, 0-க்கு ஒரு வரி போட்டிருக்க வேண்டும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, நூற்று இருபத்தோரு கணக்கிலும் அதே தப்பு. வேறு எண்ணை அல்லவா இத்தனை நாள் வகுத்துக்கொண்டிருந்தேன்!

9091-ஐ மறுபடி போட்டேன். ஒன்று தனி வரி, சைபர் தனி வரி. மீதி 9081. இன்னும் பத்து இருந்திருந்தால் சரியாக வகுபட்டிருக்கும். ஒழுங்காக இறக்கத் தெரியாமல் நான் சொதப்பியதும் ஒரு பத்து, கடைசியில் குறைந்ததும் ஒரு பத்து. மேசையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன், பிறகு சிரித்தேன். என்னவென்று சொல்ல?

அப்படியானால் நான் உடைத்தது எந்த எண்ணை? பத்தை ஒரே இடத்தில் கூட்டினால் 1234567900987654321 வருகிறது. அது பத்து ஒன்றுகளை அதே பத்து ஒன்றுகளால் பெருக்கினால் வருவது! 11, 41, 271, 9091 என்று நாலு எண்ணும் அதை உடைக்கும். பதினொன்றை அன்று பஸ்ஸில் நானே சரியாகப் போட்டுவிட்டேன், அடுத்த இரண்டையும் நீ உன் கையால் சரியாகப் போட்டுக் கடந்துவிட்டாய். பதினொன்றிலேயே நான் இந்தத் தப்பைச் செய்திருந்தால் அன்றைக்கே பஸ்ஸிலேயே பிடித்திருப்பாய். நாலாவது மட்டும் என் கைக்கென்று அங்கே உட்கார்ந்திருந்தது.

நேராக மாமாவிடம் போனேன். கார் கழுவிக்கொண்டிருந்தார். நோட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அவ மொதல்ல என்கிட்ட கல்லறைக் கல்லுல அந்த நம்பரப் போடணும்னு சொன்னா, தெரியுமா? அந்த பீசாங் கோரெங் வாங்கின அன்னைக்கி வீட்டுக்கு வந்து, ‘அத விட்டுருங்க, ஒரு வேத வசனம் போதும்’னு சொல்லிட்டா.”

எனக்கு இது தெரியாது அக்கா. சத்தியமாகத் தெரியாது. நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? என் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்றா?

“அப்ப போட்டுருவோம் மாமா” என்றேன்.

“இரு. அது உடையவே உடையாதுன்னு சொல்றியா, இல்ல ஒம்போதாயிரத்துச் சொச்சத்துல உடையலன்னு சொல்றியா?”

முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனிதர் கேட்ட கேள்வியைப் பார். நாம் வகுத்துப் பார்த்ததற்கு அப்பால் முந்நூற்று ஐம்பது கோடி அப்படியே கிடக்கிறது.

“தெரியாத ஒன்ன நான் கல்லுல வெட்ட மாட்டேன். அதோட அது நம்பரு. நம்ம ஆளுங்க மெழுகுவத்தி, ஊதுபத்தியோட வந்து நாலு நாலா எழுதிட்டுப் போவாங்க. அவ நிம்மதியாத் தூங்க வேணாமா?”

கல்லறைத் திருநாளுக்குள் கல் நட வேண்டும், கைக்கணக்குக்கு நேரமே இல்லை. அதனால் உன் சட்டத்தை மீறினேன், மன்னித்துக்கொள். பினாங்கில் வேலை பார்க்கும் என் மகள் கவிதா சனிக்கிழமை கணினியோடு வந்தாள். இருபது இலக்கத்தையும் அவளுக்கு நான் சொன்னேன். ‘ஒன்று, சைபர்’ என்று பிரித்துச் சொன்னேன். அவள் தட்டும்போது என் வாய் தானாக, “முருகா, உடையக் கூடாது” என்று வேண்டிக்கொண்டது. அதுவரை நான் வேண்டியதெல்லாம் இதற்கு நேர் எதிர்.

வேண்டுதலை முடிக்கக்கூட இல்லை. “பகா எண்தான்மா” என்றாள்.

அவ்வளவுதான். நாம் ஒன்பது வருஷம் சாப்பாட்டு நேரத்தைத் தின்றுவிட்டுச் செய்த வேலைக்கு அதற்கு ஒரு கண்சிமிட்டல். ஒவ்வொன்றாக வகுக்காமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறதாம். உலகத்தில் பல பேருக்கு இந்த எண்ணை முன்பே தெரியுமாம். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் இதைக் கேள். ஒன்று முதல் ஒன்பது வரை எங்கே ஏறித் திரும்பினாலும் ஒன்றுகளைப் பெருக்கி வரும் எண்தான், பகா எண் எதுவும் கிடையாது. முதலில் தேறுவது பத்து. அதற்கு அடுத்தது, இரண்டாயிரத்து நானூற்று நாற்பத்தாறு வரை ஏறி இறங்கினால்தான் கிடைக்கிறதாம்! நடுவில் ஒன்றுகூட இல்லை. ‘பத்துக்கு ஏறிட்டு எறங்கு’ என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு சொன்னாயே, எங்கே கை வைத்திருக்கிறாய் பார்த்தாயா?

மாமாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். பிறகு கல்லுக்கு முன்பக்கம் வசனம், பின்பக்கம் எண் என்று முடிவு செய்தோம். கல் வெட்டும் சீனர் நான் கொடுத்த தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இனி நொம்போர் தெலிபோன் நெகாரா மானா?” என்றார். எந்த நாட்டு போன் நம்பராம்! இல்லை, இறந்துபோனவள் ஜெயித்த எண் என்று மலாயில் எப்படியோ விளக்கினேன். அவர் வெட்டுவதற்கு முன் கோடு போட்டதை மூன்று தடவை சரிபார்த்தேன், சைபர் இருக்கிறதா என்று விரலால் தொட்டே பார்த்தேன். போன வாரம் போனபோது வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார், நடுவிலிருந்து 9109 எடுத்துச் சீட்டு வாங்கினாராம், விழவில்லையாம். அந்த 9109-உம் பகா எண்தான். ஆறுதல் பரிசாவது கொடுத்திருக்கலாம் நீ.

கணினிக்குத் தெரிந்துவிட்டது. நமக்குத் தெரிய வேண்டும் என்றாயே, அது இன்னும் பாக்கி. நான் கெடுத்த நூற்று இருபத்தோரு கணக்கையும் புது நோட்டில், இருபது இருபது வரியாகத் திரும்பப் போடுகிறேன். 9091 முடிந்துவிட்டது. இன்று காலை தோசைக்கு மாவு எடுத்து வைத்துவிட்டு 8009-ஐப் போட்டேன். ஒவ்வொரு வரிக்கும் சத்தமாக எண்ணினேன். பத்தொன்பதாவது வரியில் பேனாவை வைத்துவிட்டு மேலிருந்து ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன், விடை தெரிந்த கணக்குக்கு எதற்கு இந்தப் பதற்றம் என்று நீயே சொல்லு. மீதி 5247. “அப்பாடா” என்று என் வாயிலிருந்து வந்தது.

மிச்சம் நூற்றுப் பத்தொன்பதையும் முடிப்பேன் அக்கா. அதற்கு மேலும் போவேன், உடம்பு விடுகிற வரைக்கும். எங்கேயும் சைபர் வராது என்று தெரியும், ஆனாலும் ஒவ்வொரு கடைசி வரியிலும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் எழுதுவேன். இது என் வாக்கு.

உன் கட்சிக்கு வந்து சேர்ந்துவிட்ட,
உன் தங்கச்சி
சரோஜா
லூனாஸ்